ஜப்பானிய கணினிச் சேவை நிறுவனத்தில் தேவை வரையறைப் பணி: அனுபவமுள்ளோரின் வழிகாட்டல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். டோக்கியோவில் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாக நிரல் எழுதுவதையும் சோதனை செய்வதையும் மட்டுமே பார்த்துவந்த என்னை, வங்கிகளுக்குக் கணினி அமைப்புகளை ஒருங்கிணைத்துத் தரும் முதன்மை ஒப்பந்த நிறுவனம் ஒன்று தேவை வரையறைக் குழுவில் (புதிய அமைப்பு என்னென்ன செய்ய வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கேட்டு வரையறுக்கும் குழு) சேர்த்துக்கொண்டுள்ளது. கோபோல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்ட நிரல்களைப் புதிய தளத்துக்கு மாற்றுவதே பணி.

இத்தகைய அமைப்புகளைப் புதுப்பிக்காவிட்டால் 2025-க்குப் பின் ஆண்டுக்கு 12 லட்சம் கோடி யென் வரை இழப்பு நேரலாம் என்று ஜப்பானின் பொருளாதார, வணிக, தொழில் அமைச்சகம் 2018-இலேயே எச்சரித்தது. மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. 1973-இல் தொடங்கிய, என்டிடி டேட்டா நிறுவனம் பராமரிக்கும், ஜப்பானிய வங்கிகளுக்கிடையே பணம் அனுப்ப உதவும் ஸென்கின் அமைப்பில், 2023 அக்டோபரில் இணைப்புக் கணினிகளைப் புதுப்பித்தபோது பத்து வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைபட்டது. சம்பளத்துக்கும் வாடகைக்கும் காத்திருப்போர் இதன் மறுமுனையில் இருப்பதால், அரைகுறைத் தெளிவோடு இறங்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் கைக்கு வந்துள்ள வடிவமைப்பு ஆவணங்கள், வரைபடத்தாள்போலச் சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்ட எக்செல் தாள்களில் உள்ளன. மாற்றப் பதிவில் தேதியும் குடும்பப் பெயரும் இருக்கின்றனவே தவிர, ஏன் மாற்றினார்கள் என்ற காரணம் பல இடங்களில் இல்லை. ஆவணமும் நிரலும் முரண்படும்போது எதை ஆதாரமாகக் கொள்கிறீர்கள்? வாடிக்கையாளரிடம் அதை எந்தக் கட்டத்தில், யார் மூலமாகக் கேட்பது முறை? ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை தேறியிருந்தும் கூட்டக் குறிப்பு எழுதத் திணறுகிறேன். அதற்கான பயிற்சி நூல்களைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து பரிந்துரையுங்கள்.