உர மானியப் பணம் வரவில்லை என்று எழுதியிருந்தேனே, அதன் புதுப்பிப்பு

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் அப்பா குத்தகைக்குச் செய்யும் வயலுக்குப் பெரும்போக (மாரிமழைக்கால நெற்செய்கை) உர மானியம் அரசிடமிருந்து வரவில்லை, பக்கத்து வயல்காரருக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். பணம் வந்துவிட்டது, முதல் தவணை மட்டும்.

காரணம் வங்கி இல்லை. விவசாயிகளுக்கான அரசு அலுவலகமான கமநல சேவை நிலையத்தின் பதிவில் அந்த வயல் துண்டு, கனடாவில் இருக்கும் காணிக்காரரின் பெயரில்தான் இன்னும் இருந்தது. மானியம் பயிர் செய்கிறவருக்கு உரியது. ஆனால் செய்வது யார் என்று பதிவில் இல்லாவிட்டால் காசு நகராது. கமக்காரர் அமைப்பின் தலைவர் வந்து வயலைப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். காணிக்காரர் சம்மதக் கடிதம் அனுப்பினார். அப்புறம்தான் அப்பாவின் பெயர் பதிவில் ஏறியது. யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களின் வயலை எத்தனை பேர் வாய்ச்சொல்லில் செய்கிறார்கள்! அவர்கள் எல்லோரும் விதைப்புக்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொகையைக் கேட்டிருந்தவர்களுக்கு: 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயாக இருந்ததை 25,000 ஆக்கினார்கள், உச்சம் 2 ஹெக்டேயர். ஏக்கருக்குப் பார்த்தால் பத்தாயிரம் அளவுதான். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது வெளிறிப்போன பயிரைப் பார்த்தவர்களுக்கு இதுவும் பெரிய காசுதான். ஆனால் எங்களுடையது மழையை நம்பிய வயல். யூரியா போடவேண்டிய கிழமை தவறினால் பிறகு வரும் பணம் கடனை அடைக்கத்தான் உதவும். அப்பா இந்த முறை உரத்தைக் கடனுக்குத்தான் எடுத்தார். தாமதத்தை நான் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை, எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

இரண்டாம் தவணை வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். சம்மதக் கடிதத்தின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.