கடைசி லோரி போகும்வரை தராசுக் கிராணி இருக்கணுமா?

தராசுமேடை:
மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை. தராசுக் கிராணி (லோரி எடை பதிகிற குமாஸ்தா) வேலை, மாதம் 1,950 வெள்ளி (ரிங்கிட்), வாரம் ஆறு நாள், காலை 8 முதல் மாலை 4.30, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. வேலைக் கடிதத்தில் அவ்வளவுதான். ஆனால் பழம் கொட்டுகிற மாதங்களில் கடைசி லோரி 7 மணிக்கு மேல்தான் வெளியே போகிறது. கேட்டால் "இதெல்லாம் சொல்லித் தெரியணுமா?" என்கிறார்கள். ஓட்டி (கூடுதல் நேரச் சம்பளம்) உண்டா? முறைத்துக்கொள்ளாமல் எப்படிக் கேட்பது?

கணக்குப்பிள்ளை:
உண்டு. 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்குக் கொடுத்தே ஆகணும். 1,950-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 75. அதை 7.5 மணியால் வகுத்தால் மணிக்கு 10. ஒன்றரை மடங்கு 15. 4.30-லிருந்து 7.10 வரை 2 மணி 40 நிமிடம், ஆக 40 வெள்ளி. சில ஆபிஸில் 30-ஆல் வகுப்பார்கள். இதே மாலைக்கு ஐந்து வெள்ளிக்கு மேல் காணாமல் போகும்.

ஓய்வு நாளில் கூப்பிட்டால் அரை நாள் வரைக்கும் அரை நாள் சம்பளம் கூடுதல், அதற்கு மேல் முழு நாள் சம்பளம். 7.5 மணியும் தாண்டினால் மணிக்கு இரண்டு மடங்கு. மாதத்தில் ஓட்டி 104 மணியைத் தாண்டக்கூடாது. கடிதத்தில் வாரம் 48 மணி என்று இருந்தால் அது பழைய படிவம். 2023 ஜனவரி 1 முதல் 45.

பெரட்டுக்களம்:
தம்பி, சாட்சி உன் மேசையிலேயே அச்சாகிறது. தராசுச் சீட்டில் இரண்டு நேரம் இருக்கும்: லோரி பழத்தோடு ஏறியது, காலியாகத் திரும்பி ஏறியது. கடைசிச் சீட்டின் இரண்டாவது நேரத்துக்கு முன்னால் நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியாது. சீட்டு எண், அந்த நேரம், இரண்டை மட்டும் ஒரு தாளில் எழுதி வாரா வாரம் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கு. சீட்டின் நகலை வீட்டுக்குக் கொண்டுபோகாதே, அதில் சப்ளையர் பெயரும் எடையும் இருக்கு, வேறு வம்பு வரும். மூன்று மாதத்தைச் சேர்த்து ஒரேயடியாக நீட்டினால்தான் சண்டை.

ஆலைக்காரன்:
முதலாளி பக்கமும் ஒரு வார்த்தை. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆவியில் அவிக்கப் பார்க்கணும். தாமதித்தால் எண்ணெயில் எஃப்.எஃப்.ஏ (தனிக் கொழுப்பு அமிலம்) ஏறும், அடிபட்ட பழத்தில் இன்னும் வேகமாக. 5 விழுக்காட்டைத் தாண்டினால் எண்ணெய்க்கு விலை வெட்டு. லோரியை "நாளைக்கு வா" என்று திருப்ப முடியாததற்குக் காரணம் இதுதான். புதுக் கிராணிக்கு இதை யாரும் சொல்வதில்லை, அது எங்கள் தப்பு. ஆனால் "இருக்க முடியாது" என்று ஆரம்பிக்காதீர்கள். "எந்தெந்த நாள் இருட்டும், மாற்று ஆள் யார்?" என்று கேளுங்கள், பதிலை மெசேஜில் வாங்கி வையுங்கள்.

எம்சி (மருத்துவ விடுப்பு) விஷயமும் இப்படித்தான். சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் போதும். ஆலை எதிர்பார்ப்பது தராசு திறக்குமுன் ஒரு போன். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் பெயர் கெடுவது அந்த இடைவெளியில்தான்.

தராசுமேடை:
நன்றி அண்ணே. தீபாவளி, தைப்பூசம் தானாகவே லீவுதானே?

கணக்குப்பிள்ளை:
அப்படி நினைத்துத்தான் பலர் ஏமாறுவது. சட்டத்தில் 11 பொது விடுமுறை, அதில் கட்டாயம் 5: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். தீபாவளி அதில் இல்லை. மீதி 6-ஐ முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறக்குமுன் நோட்டீஸ் ஒட்டணும். டிசம்பரில் ஆபிஸ் போர்டைப் பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் அப்போதே கேளுங்கள், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம்.