புதிய மின்சாரக் காருக்காகக் காத்திருக்கிறேன்: சார்ஜ் ஏறும் வேகத்தை எதை வைத்துக் கணிப்பது?

நெடும்பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மின்சாரக் கார் ஒன்றுக்கு முன்பணம் செலுத்திவிட்டுப் பல மாதங்களாகக் காத்திருக்கிறேன். விற்பனையகத்தார் முதலில் சொன்ன டெலிவரி தேதி தள்ளிப்போய், இப்போது "அடுத்த தொகுப்பில் வந்துவிடும்" என்ற பதிலோடு நிற்கிறது. இந்த இடைவெளியில் படிக்கப் படிக்கத் தெளிவை விடக் குழப்பம்தான் கூடுகிறது. அதிலும் சார்ஜ் ஏறும் வேகத்தைப் பற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

நான் பதிவு செய்திருக்கும் காரின் பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய அளவு 60 யூனிட். டிசி (நேர்மின்னோட்ட) வேகச் சார்ஜரில் அதிகபட்சம் 150 கிலோவாட் ஏற்கும் என்றும், 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை 30 நிமிடங்களில் ஏறிவிடும் என்றும் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் இதே காரை ஓட்டிப் பார்த்தவர்களின் காணொளிகளில் அந்த 150 என்ற எண் சில நிமிடங்கள் மட்டுமே திரையில் தெரிகிறது; 70 சதவீதத்தை நெருங்கும்போது 60 கிலோவாட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இது அந்தக் குறிப்பிட்ட கார்களின் குறையா, அல்லது எல்லாக் கார்களும் இப்படித்தானா? நான் அடிக்கடி செல்லும் வழியில் பெரும்பாலும் 50 கிலோவாட் சார்ஜர்களே இருக்கின்றன. அவற்றில் முழு 50 கிலோவாட்டும் கிடைக்குமா? வீட்டில் சாதாரண 10 ஆம்பியர் பிளக்கே போதுமா, சுவர் சார்ஜர் பொருத்த வேண்டுமா?

இவற்றுக்கிடையே, 50 யூனிட் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி கொண்ட சிறிய வகை உடனே கிடைக்கும், மாற்றிக்கொள்கிறீர்களா என்று விற்பனையகத்தில் கேட்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மின்னோட்டம் (மறுமொழி)

நண்பருக்கு வணக்கம். காணொளியில் நீங்கள் கண்டது குறையன்று. எல்லா லித்தியம் அயனி பேட்டரிகளுக்கும் உரிய இயல்பு. கையேட்டில் அச்சிட்ட இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே உண்மை விளங்கிவிடும். 60 யூனிட்டில் 10 முதல் 80 சதவீதம் என்பது 42 யூனிட். அதை அரை மணி நேரத்தில் ஏற்றுவதென்றால் சராசரி வேகம் 84 கிலோவாட்தான். ஆக, 150 கிலோவாட் எப்போதும் கிடைக்கும் என்று நிறுவனமே சொல்லவில்லை. பெரிய எழுத்தில் உச்சத்தை அச்சிட்டுவிட்டு, சராசரியை நாமே வகுத்துக் கண்டுகொள்ளும்படி விட்டிருக்கிறார்கள். எந்தக் காரை ஒப்பிட்டாலும் உச்ச எண்ணை மறந்துவிட்டு இந்தச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள் என்பதே என் கருத்து.

வேகம் ஏன் குறைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் முனையின் அடுக்குகளுக்குள் நுழைந்து அமர வேண்டும். பேட்டரி காலியாக இருக்கும்போது இடம் தாராளமாக இருப்பதால் அதிக மின்னோட்டத்தைத் தள்ள முடிகிறது. நிரம்ப நிரம்ப அயனிகள் உள்ளே நுழையும் வேகம் குறைகிறது. அதையும் மீறித் தள்ளினால் அவை உள்ளே செல்லாமல் முனையின் மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி மீண்டும் பயன்பாட்டுக்கு வருவதில்லை. இதைத் தவிர்க்கத்தான் காரின் பேட்டரி மேலாண்மை அமைப்பு படிப்படியாக மின்னோட்டத்தைக் குறைக்கிறது. குளிரில் அயனிகளின் நகர்வு இன்னும் மெதுவாகிவிடுவதால், குளிர்ந்த பேட்டரியோடு வேகச் சார்ஜரில் நின்றால் பாதி வேகம்கூடக் கிடைக்காமல் போகலாம். உங்கள் காரில் பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும் வசதி இருந்தால், சார்ஜர் இருக்கும் இடத்தைக் காரின் வழிகாட்டியில் சேருமிடமாகக் குறித்துவிட்டுச் செல்லுங்கள். பல கார்களில் அப்படிக் குறித்தால்தான் அந்த வசதி இயங்கத் தொடங்கும். கைபேசியில் வழி பார்த்துக்கொண்டு சென்றால் காருக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதே தெரியாது.

இந்த இறங்குமுகம் காருக்குக் கார் மாறுபடும். ஆடி நிறுவனத்தின் முதல் இ-ட்ரான் 55 காரின் உச்ச வேகம் 150 கிலோவாட்தான்; ஆனால் அதை ஏறத்தாழ 80 சதவீதம் வரை விடாமல் பிடித்திருந்தது. பெரிய பேட்டரியில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்ததும், நல்ல குளிரூட்டலும் அதற்குக் காரணம். இன்னொரு பக்கம், 2019ல் வந்த போர்ஷே டைக்கான், 2021ல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்றவை வழக்கமான 400 வோல்ட்டுக்குப் பதில் 800 வோல்ட் அமைப்பைக் கொண்டவை. மின்னழுத்தம் இரு மடங்கானால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும்; கேபிளும் இணைப்புகளும் சூடாவது வெகுவாகக் குறைகிறது. ஐயோனிக் 5 தகுந்த சார்ஜரில் 10 முதல் 80 சதவீதம் வரை 18 நிமிடங்களில் ஏறும் என்று அந்நிறுவனம் சொல்வது இதனால்தான். அத்தகைய சார்ஜர் உங்கள் வழியில் இல்லையென்றால் அந்தப் பதினெட்டு நிமிடத்தால் பயன் இல்லை என்பது வேறு செய்தி.

50 கிலோவாட் சார்ஜரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழு 50 பெரும்பாலும் கிடைக்காது. திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. பழைய 50 கிலோவாட் சார்ஜர்கள் பலவற்றில் மின்னோட்டத்தின் வரம்பு 125 ஆம்பியர். 400 வோல்ட் வகைப் பேட்டரி பாதி சார்ஜில் ஏறத்தாழ 350 வோல்ட்டில் இருக்கும். பெருக்கினால் 44 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இதில் ஒரு வியப்பு உண்டு: சார்ஜ் ஏற ஏறப் பேட்டரியின் மின்னழுத்தம் உயர்வதால், இத்தகைய சார்ஜரில் வேகம் குறைவதற்குப் பதில் மெல்லக் கூடும், 70, 75 சதவீதம் வரைகூட அப்படியே போகும். எனவே உங்கள் வழியில் 150 கிலோவாட் காரும் 100 கிலோவாட் காரும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் நிற்க வேண்டியிருக்கும். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு கேபிள்கள் வரும் இடங்களில் பக்கத்துக் கார் இணைந்தவுடன் திறன் பங்கிடப்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மின்பணியாளர் (மறுமொழி)

வேகச் சார்ஜரைப் பற்றி மேலே விரிவாக எழுதிவிட்டார். ஆனால் வீட்டில் கார் நிறுத்த இடம் உள்ளவருக்குப் பெரும்பாலான சார்ஜிங் வீட்டில்தான் நடக்கும் என்பதால், காத்திருக்கும் காலத்தை வீட்டு வயரிங்கைச் சரிசெய்வதில் செலவிடுவதே அறிவுடைமை.

230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற்ற உங்கள் பேட்டரிக்கு 36 யூனிட் தேவை. இழப்பையும் சேர்த்து மீட்டரில் 40 யூனிட் ஓடும் என்று கொண்டால், 10 ஆம்பியர் பிளக்கில் 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 32 ஆம்பியர் சுவர் சார்ஜரில் 7.4 கிலோவாட் கிடைப்பதால் ஐந்தரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மெதுவாக ஏற்றினால் மின்சாரம் மிச்சமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது. சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் காரின் கணினிகளும் பம்புகளும் விழித்திருந்து சில நூறு வாட் எடுத்துக்கொண்டே இருக்கும். 300 வாட் என்று வைத்துக்கொண்டால், 2.3 கிலோவாட்டில் அது 13 சதவீத இழப்பு, 7.4 கிலோவாட்டில் 4 சதவீதம்தான்.

சாதாரண பிளக்கைப் பற்றி எனக்குள்ள கவலை நேரத்தைப் பற்றியது அன்று. மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் சில நிமிடங்கள் ஓடி ஓயும். கார் இரவு முழுவதும் அதே மின்னோட்டத்தை இடைவிடாமல் இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே பிடிப்பு சற்றுத் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகி, முதலில் பிளக்கின் கால்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு உருகும். அப்படிப்பட்ட சாக்கெட்டுகளைப் பல வீடுகளில் கழற்றியிருக்கிறேன். தற்காலிகமாகச் சாதாரண பிளக்கைப் பயன்படுத்துவதானால் எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து, இணைப்பைத் துண்டித்த கையோடு பிளக்கின் கால்களுக்கு அருகே தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு இருந்தால் அதில் தொடராதீர்கள். நிலையான ஏற்பாடு என்றால் மீட்டர் பலகையிலிருந்து தனி இணைப்பு, தனி பிரேக்கர், நல்ல எர்த், மின்கசிவைத் துண்டிக்கும் கருவி ஆகிய அனைத்தும் வேண்டும். அந்தக் கருவி டிசி கசிவையும் உணரக்கூடியதாக இருக்க வேண்டும். சில சுவர் சார்ஜர்களுக்குள் அது ஏற்கெனவே இருக்கும்.

வாங்குவதற்கு முன் காருக்குள் இருக்கும் ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜரின் திறனையும் பாருங்கள். கார் 7.4 கிலோவாட் மட்டுமே ஏற்கும் என்றால் 22 கிலோவாட் பெட்டியைச் சுவரில் மாட்டினாலும் 7.4 தான் ஏறும். 11 கிலோவாட் என்று எழுதியிருந்தால் அது மும்முனை மின்சாரத்தில், முனைக்கு 16 ஆம்பியர் வீதம் கிடைப்பது. ஒருமுனை இணைப்பில் அத்தகைய கார்கள் சில 3.7 கிலோவாட்டோடு நின்றுவிடும்.

நெடும்பயணி

இருவருக்கும் மிக்க நன்றி. என் காரில் உள்ளது ஒருமுனை 7.4 கிலோவாட் என்பதை விற்பனையகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். எல்எஃப்பி வகைக்கு மாறுவதா என்பதில்தான் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. கார் கைக்கு வரும் நாளில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதையும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழகிய ஓட்டுநர் (மறுமொழி)

எல்எஃப்பி என்பது மட்டமான பேட்டரி என்று எண்ண வேண்டாம். அதில் நிக்கலும் கோபால்ட்டும் இல்லை. ஒரே எடையில் சற்றுக் குறைவான ஆற்றலே அடங்கும், ஆனால் ஏற்றி இறக்கும் சுழற்சிகளை அதிகம் தாங்கும், வெப்பம் கட்டுமீறித் தீப்பற்றும் அபாயமும் குறைவு. அதன் மின்னழுத்தம் நடுப்பகுதி முழுவதும் ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், எத்தனை சதவீதம் மீதம் இருக்கிறது என்பதைக் கார் துல்லியமாக அறிவது கடினம். அதனால்தான் அவ்வப்போது 100 சதவீதம் வரை ஏற்றும்படி நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. டெஸ்லா வாரத்துக்கு ஒரு முறையாவது என்கிறது. நிக்கல் வகையில் அன்றாடப் பயன்பாட்டுக்கு 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். கடுங்குளிரில் எல்எஃப்பி மெதுவாகத்தான் ஏறும்.

உங்களுக்கு எது பொருந்தும் என்பதை நெடும்பயணத்தை வைத்து முடிவு செய்யுங்கள். 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் செலவாகும் என்று கொண்டால், பெரிய பேட்டரியின் 10 முதல் 80 சதவீதம் 260 கிலோமீட்டருக்கும், சிறியதன் அதே பகுதி 220 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். இந்த 40 கிலோமீட்டர் வேறுபாடு உங்கள் வழக்கமான வழியில் ஒரு நிறுத்தத்தைக் கூட்டுமானால் காத்திருங்கள். கூட்டாது என்றால் காத்திருப்பதில் பொருளில்லை. உடனே கிடைக்கிறது என்பதற்காக மட்டும் மாறுவதை நான் விரும்பமாட்டேன். அந்தக் கார் ஏன் உடனே கிடைக்கிறது, எத்தனை மாதங்களாகக் கிடங்கில் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். வெயிலில் முழுச் சார்ஜோடு நெடுநாள் நின்ற பேட்டரி ஓடாமலேயே சிறிது முதுமை அடைந்திருக்கும். உற்பத்தியான மாதத்தைத் தகட்டிலோ ஆவணத்திலோ பார்த்துக்கொள்ளலாம்.

டெலிவரி நாளில் பலரும் பெயிண்டையும் இருக்கைகளையும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்குக் காரைக் கொடுத்த விற்பனையகத்தில் பெரிய பேட்டரியில் போதிய சார்ஜ் இருந்தும் 12 வோல்ட் பேட்டரி செத்துப்போயிருந்ததால் கதவுப் பூட்டே திறக்கவில்லை. கிடங்கில் நிற்கும்போது அதை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே 12 வோல்ட் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். கையெழுத்திடுவதற்கு முன் அங்கேயே ஏசியிலும், இயன்றால் டிசியிலும் ஐந்து நிமிடம் சார்ஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிளக் பூட்டிக்கொண்டு வெளிவராமல் போனால் இழுத்து விடுவிக்கும் கயிறு எங்கே இருக்கிறது என்பதையும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல கார்களில் அது பின்பக்கச் சாமான் அறையின் ஓர மூடிக்குள் ஒளிந்திருக்கும்.

முதல் வேகச் சார்ஜிங்கை வைத்துக் காரைக் குறை சொல்லிவிடாதீர்கள். 50 சதவீதத்தில், குளிர்ந்த பேட்டரியோடு, பக்கத்தில் இன்னொரு கார் நிற்கும்போது போட்டுவிட்டு 40 கிலோவாட்தான் வந்தது என்று புகார் எழுதுபவர்கள் நிறையப் பேர். 15 சதவீதத்துக்குக் கீழே, ஒரு மணி நேரமாவது ஓட்டி வந்த பிறகு, தனியாக நிற்கும் சார்ஜரில் போட்டு, ஒவ்வொரு 10 சதவீதத்திலும் எத்தனை கிலோவாட் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு வேகம் மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குறிப்புதான் உதவும்.

நெடும்பயணி

என் வழக்கமான வழியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். சிறிய பேட்டரியில் ஒரு நிறுத்தம் கூடுகிறது. ஆகவே பதிவை மாற்றாமல் காத்திருக்க முடிவு செய்துவிட்டேன். மின்பணியாளர் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: மீட்டர் பலகையிலிருந்து கார் நிற்கும் இடம் 40 மீட்டர் தொலைவில் இருக்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதுமா?

மின்பணியாளர்

மின்னோட்டத்தைத் தாங்கும். ஆனால் போக வர 80 மீட்டர் கம்பியில் மின்தடை ஏறத்தாழ 0.23 ஓம் வரும். 32 ஆம்பியரில் 7 வோல்ட்டுக்கு மேல் குறைவதோடு, 235 வாட் வெறும் சூடாகப் போகும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 140 வாட்டாகக் குறையும்; பல ஆண்டுகள் பயன்படுத்தப்போகும் இணைப்பு என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன். 6 தான் போட முடியும் என்றால் சார்ஜரின் அமைப்பில் 24 ஆம்பியருக்கு வரம்பு வைத்துவிடுங்கள். 5.5 கிலோவாட் கிடைக்கும், கம்பியில் இழப்பு ஏறத்தாழ 132 வாட்டாகக் குறையும், நான் முன்பு சொன்ன 40 யூனிட் ஏழே கால் மணி நேரத்தில் ஏறிவிடும். எந்தக் கம்பியானாலும், உங்கள் வீட்டு இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை இதற்குப் போதுமா என்பதைப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். சுமையை உயர்த்த விண்ணப்பிக்க நேர்ந்தால் அதற்கும் காலம் பிடிக்கும்.