நிறைய சீன எழுத்துகளை ஒரே தடவையில் தேட வழி உண்டா?

வணக்கம். எச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் தேர்வின் 2021 பாடத்திட்டத்தில் மொத்தம் 3000 எழுத்துகள். அதிலிருந்து சில நூறை எக்செல்லில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பின்யின் (ரோமன் எழுத்தில் உச்சரிப்பு), கோடுகளின் எண்ணிக்கை, மரபு வடிவம் (எளிமையாக்கும் முன் இருந்த எழுத்து) வேண்டும்.

எம்டிபிஜி என்ற இணையச் சீன அகராதித் தளத்தில் முழுப் பத்தியை ஒட்டினாலும் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்லிவிடுகிறது. வாசிக்க அருமை, எனக்கு வேண்டியதோ வரிசை மாறாத அட்டவணை. சீன எழுத்துகளின் விவரங்களைத் தொகுத்த யூனிஹான் தரவுத்தளத்தில் எல்லாம் இருக்கிறது, இலவசமாகவே இறக்கலாம். ஆனால் வெறும் உரைக்கோப்புகள், எனக்கோ நிரல் எழுத வராது.

இன்னொரு சிக்கல்: 'ஃபா' போன்ற எளிய வடிவத்துக்கு, 'அனுப்பு' என்றால் ஒரு மரபு எழுத்து, 'தலைமுடி' என்றால் வேறொன்று. இரண்டையும் காட்டினால்தான் பயன்.

பட்டியலை ஒட்டியதும் அட்டவணை தரும் தளமோ, கூகுள் ஷீட்ஸுக்கு ஒரு சூத்திரமோ தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். கட்டணம் என்றாலும் சரி, அதிகம் இல்லாமல் இருந்தால் போதும்.