ஜெலஸ், என்வியஸ்: ரெண்டும் பொறாமைதானே?

ஆயர்ஈத்தாம்_அம்மா
மகள் படிவம் 5, இந்த வருஷம் எஸ்பிஎம் (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு). தோழிக்கு உதவித்தொகை கிடைத்ததைப் பற்றிக் கட்டுரையில் 'ஐ வாஸ் ஜெலஸ்' என்று எழுதியிருக்கிறாள். டியூஷன் டீச்சர் அதை அடித்து 'என்வியஸ்' என்று மாற்றிவிட்டார், காரணம் எழுதவில்லை. எனக்கு ரெண்டும் பொறாமைதான். அவள் என்னைக் கேட்கிறாள், நான் யாரைக் கேட்க? அப்படியே எம்பரஸ்ட், அஷேம்ட் வித்தியாசத்தையும் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஜெலுத்தோங்_வாசகன்
அக்கா, எத்தனை பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். என்விக்கு ரெண்டு பேர் போதும்: அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. ஜெலஸிக்கு மூன்றாவது ஆள் வேண்டும், எனக்குரியவரை அந்த ஆள் கொண்டுபோய்விடுவானோ என்ற பயம் அது. திருக்குறளில் ரெண்டும் தனித்தனியாகவே இருக்கிறது. 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை, அடுத்தவன் ஆக்கத்தைப் பொறுக்காதவனைப் பற்றியது, அதாவது என்வி. அப்புறம் 132ஆம் அதிகாரம் புலவி நுணுக்கத்துக்குப் போங்கள். தலைவன் தும்முகிறான், தலைவி வாழ்த்துகிறாள், வாழ்த்திய கையோடு 'எவள் நினைத்துத் தும்மினீர்' என்று அழ ஆரம்பித்துவிடுகிறாள். ஜெலஸிக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த டியூஷனிலும் கிடைக்காது.

பட்டர்வொர்த்_பையன்
அதெல்லாம் சரி, ஆனால் டீச்சர் அடித்தது கொஞ்சம் ஓவர். நண்பன் லங்காவி போய்ப் படம் போட்டால்கூட 'ஸோ ஜெலஸ்' என்றுதான் வெள்ளைக்காரர்களே எழுதுகிறார்கள், பெரிய அகராதிகளும் அந்தப் பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டன. மாற்றிப் போட்டால்தான் செல்லாது. மனைவி இன்னொருவனோடு சிரித்துப் பேசினாள் என்று குமுறுகிறவனை 'என்வியஸ் ஹஸ்பண்ட்' என்று யாரும் எழுத மாட்டார்கள். இருந்தாலும் பரீட்சையில் வம்பு வேண்டாம், உதவித்தொகைக்கு என்வியஸ் என்றே எழுதட்டும். மலாயில் சொன்னால் அவளுக்குச் சட்டென்று புரியும்: ஜெலஸ் என்றால் செம்புரு, என்வியஸ் என்றால் இரி ஹாத்தி. அதோடு கெட்ட எண்ணமும் சேர்ந்தால் டெங்கி (கொசுக் காய்ச்சல் இல்லை!).

மாலை_டீ
அடுத்த கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்களே. எம்பரஸ்ட் ஆவதற்குத் தப்பு செய்திருக்க வேண்டியதில்லை, நாலு பேர் பார்த்தால் போதும். கொம்தார் பஸ் நிலையத்தில் வழுக்கி விழுந்தால் எம்பரஸ்ட், மேடையில் ஏற்றி அளவுக்கு மேல் புகழ்ந்தால் நெளிகிறோமே, அதுவும் எம்பரஸ்ட்தான். அஷேம்ட் அதைவிடக் கனமானது. பாட்டியிடம் பொய் சொல்லிக் காசு வாங்கியது யாருக்குமே தெரியாவிட்டாலும், 'சே, நான் இப்படிப்பட்டவளா' என்று உள்ளே குறுகிப்போவது. 'நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது' என்று அந்தக் காரியம் மட்டும் உறுத்தினால் அது கில்டி. ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இலேயே இப்படித்தான் பிரித்துக் காட்டினார்.

இதற்கு மட்டும் மலாய் உதவாது, கூச்சமும் மாலு, அவமானமும் மாலு. இன்னொன்று, மகள் 'ஐ வாஸ் எம்பரஸிங்' என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதினால், அவளால் மற்றவர்கள் கூசிப்போனார்கள் என்று ஆகிவிடும்.