பூட்டு இருந்தும் வெளியே போன குக்கீ

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலக வெப்மெயிலை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தகவலைக் குறியாக்கி மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் போட்டாயிற்று, பூட்டுப் படம் தெரிகிறது, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன். ஒருநாள் வேறு ஏதோ கோளாறைத் தேடி வலையில் போய்வரும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டபோது, உள்நுழைந்திருப்பது நான்தான் என்று சர்வருக்குச் சொல்லும் என்னுடைய செஷன் குக்கீயே மறைப்பு எதுவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

முகவரியை அடிக்கும்போது எச்டிடிபிஎஸ் என்று யார் சேர்த்து அடிக்கிறார்கள்? பிரௌசர் முதலில் வெறும் எச்டிடிபியில் போய்க் கேட்டது. சர்வர் ஒழுங்காகத்தான் திருப்பிவிட்டது, ஆனால் அதற்குள் அந்த முதல் கோரிக்கையோடு குக்கீயும் போய்விட்டது. குக்கீயில் செக்யூர் குறி இருந்திருந்தால் பிரௌசர் அதை எச்டிடிபியில் அனுப்பியிருக்காது.

அந்த மதிப்பை இன்னொரு கணினியின் பிரௌசரில் ஒட்டிப் பார்த்தேன். பாஸ்வேர்டே கேட்கவில்லை, நேரே என் இன்பாக்ஸ். வயிற்றைக் கலக்கிவிட்டது.

காரணம் பிடிபட அரை நாள் ஆனது. குறியாக்கம், சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ப்ராக்ஸியோடு முடிந்துவிடும். உள்ளே வெப்மெயிலை ஓட்டும் பிஎச்பிக்கு வந்து சேர்வது வெறும் எச்டிடிபி. அதை நம்பி மென்பொருள் குறியைப் போடாமல் விட்டிருக்கிறது. பிஎச்பி அமைப்பில் செக்யூரைக் கட்டாயமாக்கினேன், இனி எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வா என்று பிரௌசருக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ்ஸும் சேர்த்தேன். சரியாகிவிட்டது.

*

இதைப் படித்த ஒருவரின் பதில்: இந்த ஓட்டை பழையதுதான் நண்பரே. ஸ்குவிரல்மெயில் என்ற வெப்மெயில் மென்பொருளின் 1.4.15-லும் இதே குறை இருந்தது, 2008-ல் 1.4.16 வந்துதான் அடைத்தார்கள். 2010-ல் ஃபயர்ஷீப் என்ற பிரௌசர் நீட்சி வந்து, பொது வைஃபையில் பக்கத்து ஆளின் கணக்குக்குள் ஒரு டபுள்கிளிக்கில் நுழையலாம் என்று காட்டிய பிறகுதான் பலருக்கும் உறைத்தது.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். என் கணக்கில் யாரோ இருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்ததும் பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாளும் நான் திறக்காத கடிதங்கள் படித்ததாகக் காட்டின. புதுப் பாஸ்வேர்டு இனி நுழைபவர்களுக்குத்தானே? ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தவரின் செஷன் சர்வரில் உயிரோடு இருந்தது. செஷன் கோப்புகளை மொத்தமாக அழித்த பிறகுதான் ஆள் வெளியே போனார்.

*

அவருக்கு என் பதில்: ஐயோ. குறியைச் சரிசெய்த அன்று பழைய செஷன்களை நான் தொடவே இல்லை.