பதினொரு பவுண்டில் ஆறு பாட்டில் ஸ்பார்க்லிங் ஒயின்: லாபமா, வம்பா?

பெருந்துறைக்காரன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர் பெருந்துறைப் பக்கம், ஒன்பது வருசமாக லீட்ஸில் குடியிருக்கிறேன். அடுத்த மாதம் மகளுக்கு முதல் பிறந்தநாள். வருகிற ஒறம்பரைக்கெல்லாம் கடையில் ஸ்பார்க்லிங் ஒயின் வாங்கினால் பாட்டிலுக்கு எட்டு, ஒன்பது பவுண்டு ஆகிறது. சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கிவிட்டேன்.

டப்பாவில் வரும் வெள்ளைத் திராட்சைச் சாறு ஐந்து லிட்டர், கெடாமலிருக்க மருந்து கலக்காதது. ஷாம்பெயின் ஈஸ்ட் ஒரு பாக்கெட். பெரிய ஜாடியில் ஊற்றி, வெளிக்காற்று உள்ளே போகாமல் வாயு மட்டும் வெளியேறுகிற மூடி மாட்டி இரண்டு வாரம் வைத்தேன். குமிழி வருவது நின்றதும் பாட்டிலில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் மூன்று டீஸ்பூன் சர்க்கரை போட்டு மூடி அடித்துவிட்டேன். பாட்டிலுக்குள் அது மறுபடி நொதிக்கும், வெளியே போக வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்து நிற்கும். அவ்வளவுதான் வித்தை. மொத்தச் செலவு பதினொரு பவுண்டு, ஆறு பாட்டில். பாட்டில் இனாம், பக்கத்து வீட்டுக்காரர் போட்டு வைத்திருந்த காலி பாட்டில்கள்.

ஊரில் இருப்பவர்களும் பன்னீர் திராட்சையில் செய்து பார்க்கலாமே? தொண்டாமுத்தூர்ப் பக்கம் விளையாத திராட்சையா?

நொய்யல்கரை

தம்பி, நீ இருக்கிற ஊரில் வீட்டுக்குச் செய்து குடித்தால் யாரும் கேட்கப்போவதில்லை, விற்றால்தான் குற்றம். இங்கே கதை வேறு. 1937-ஆம் வருச மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஒரு ஜாடி நொதிக்க வைத்தாலும் அது சாராயம் காய்ச்சியவன் மேல் பாய்கிற அதே சட்டம்தான். 2024-இல் தண்டனையை இன்னும் கூட்டிவிட்டார்கள். அதுவும் நம்ம பக்கத்துச் சட்டம். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக (இப்போதைய முதலமைச்சர் மாதிரி) இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலில் சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கு வந்தது, அன்றைக்குத் திருச்செங்கோடு சேலம் ஜில்லா. அவர் ஆசிரமம் வைத்திருந்த ஊரும் அந்தப் பக்கம்தான்.

இதை 'எல்லாரும் செய்யலாம்' என்று எழுதுகிறாயே, படித்துவிட்டு எவனாவது செய்து கள்ளக்குறிச்சி மாதிரி ஆனால் யார் பொறுப்பு?

உடுமலை டீச்சர்

சட்டம் பற்றி நீங்கள் சொல்வது சரிங்க. இங்கே செய்யக்கூடாது, அதில் பேச்சே இல்லை. ஆனால் கள்ளக்குறிச்சியை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே ஆளைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். திராட்சைச் சாறு நொதிக்கும்போது மெத்தனால் இம்மியளவு வரும், அது உயிரைக் குடிக்கிற அளவு இல்லை. பையன்கள் வகுப்பில் இதையே கேட்பார்கள், அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கமாகிவிட்டது.

தம்பி பெருந்துறை, உன்னிடம் எனக்கு வேறு கேள்வி. மூன்று டீஸ்பூன் என்கிறாயே, மட்டமாக வழித்ததா, குவித்ததா?

தாராபுரம் சோடாக்கடை

சட்டமும் வேண்டாம், மெத்தனாலும் வேண்டாம். எனக்குப் பயம் அந்த இனாம் பாட்டில் மேல்தான்.

எங்கள் அப்பாரு தாராபுரத்தில் கோலி சோடா, கலர் போட்டவர். ஒரு பக்கம் கேஸ் சிலிண்டர், நடுவில் பாட்டிலைப் படுக்க வைக்கிற இரும்புப் பெட்டி, கையால் சுற்றுகிற சக்கரம். பெட்டியைச் சுற்றிக் கம்பி வலை. அந்த வலை எதற்கு என்று சின்ன வயதில் கேட்டேன். இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார். பாதிப் புருவத்தில் முடியே கிடையாது, வலை போடுவதற்கு முந்தின வருசம் ஒரு பாட்டில் வெடித்ததில் போனது. கண் தப்பியது அம்மன் புண்ணியம் என்பார். காலி பாட்டில் திரும்பி வந்தால் ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிக் காதோரம் வைப்பார். 'கணீர்' என்றால் வரிசைக்கு, 'டொக்' என்றால் மூலைக்கு. சித்திரை வெயிலில் நிரப்பின பெட்டி மேல் ஈரச் சாக்கு கிடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கடைப்பையன்களுக்குத் திட்டு விழும்.

அதெல்லாம் கனத்த கோலி பாட்டிலுக்கே பட்ட பாடு. நீங்கள் எடுத்தது எந்த பாட்டில்? ஸ்பார்க்லிங் வந்த பாட்டிலா, சாதா ஒயின் வந்த பாட்டிலா?

பெருந்துறைக்காரன்

சோடாக்கடை அண்ணா, ரெண்டும் கலந்துதான் இருக்கும், நான் பார்க்கவில்லை. பச்சைக் கண்ணாடி, எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது. ஆறையும் ஹீட்டர் அலமாரியில் வைத்திருக்கிறேன், கதகதப்பாக இருந்தால் ஈஸ்ட் நன்றாக வேலை செய்யும் என்று. பத்து நாள் ஆச்சு, ஒன்றும் வெடிக்கவில்லையே. எதையும் பெரிசு பண்ணினால் எப்படி? நான் சிக்கனமாகச் செய்ததைச் சொல்ல வந்தேன்.

டீச்சரக்கா, ஸ்பூனைக் குவித்துத்தான் போட்டேன். கொஞ்சம் கூட இருந்தால் நுரை நல்லா வரட்டும் என்று.

பனங்காடு

நம்ம ஊர்க் குமிழி ஒயினை எல்லாரும் மறந்துவிட்டீர்களே. விடியற்காலையில் இறக்கிய கள்ளில் யார் ஈஸ்ட் போட்டார்கள், யார் சர்க்கரை போட்டார்கள்? முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். மரத்திலேயே நொதித்து நுரையோடு இறங்குகிறது. செலவு பாளை சீவுகிற கூலிதான். 1987 ஜனவரி 1-லிருந்து அதற்குத் தடை. வாளையாறு தாண்டினால் அதே தென்னை, அதே கள், கடை போர்டே வைத்திருக்கிறார்கள். சீமையில் திராட்சைச் சாற்றில் செய்தால் நாகரிகம், நம்ம பனையில் இறக்கினால் குற்றம். இதைக் கேட்க ஆள் இல்லை.

அந்தியூராள்

கேட்க ஆள் இருக்கிறதுங்க. எங்கள் அப்பா கள்ளில் ஆரம்பித்தவர்தான். 'உணவு, உடம்புக்குக் குளிர்ச்சி' என்று அவரும் இதே வசனம்தான் சொன்னார். ரெண்டு எருமை போன பிறகு அம்மா தறிக்குப் போனார். எங்கள் ஈரோட்டுக்காரர் பெரியார் 1921-இல் கள்ளுக்கு எதிராகத் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார் என்று படித்தபோது, எங்கள் வீட்டுத் தென்னையை யாரும் வெட்டவில்லையே என்று தோன்றியது.

பெருந்துறைத் தம்பி பிறந்தநாளுக்கு ஆறு பாட்டில் செய்வதில் எனக்கு ஒன்றும் இல்லை. 'ஊரிலும் செய்யுங்கள்' என்ற கடைசி வரிதான் உறுத்துகிறது.

பனங்காடு

அக்கா, உங்கள் அப்பா கதைக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் கள்ளை நிறுத்தின பிறகு குடி நின்றதா என்று மட்டும் யோசியுங்கள்.

அந்தியூராள்

நிற்கவில்லை. அதனால் கள் நல்லது என்று ஆகிவிடாது.

உடுமலை டீச்சர்

கள் விவாதத்துக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள், இங்கே ஒரு பையன் வீட்டில் ஆறு குண்டை வைத்திருக்கிறான். தம்பி, கணக்கைப் பார்.

ஒரு லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். ஷாம்பெயினுக்கு லிட்டருக்கு 24 கிராம் போடுகிறார்கள், ஆறு பார் வருகிறது. காருக்கு நாம் 32 காற்று வைக்கிறோமே, அது ரெண்டு சொச்சம் பார். ஆறு பார் என்றால் 87. திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர்கள் டயரில் அடிக்கிற காற்றுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டாய், ரப்பருக்குப் பதில் கண்ணாடியில்.

இப்போது உன் ஸ்பூன். என் அடுப்படித் தராசில் போட்டுப் பார்த்தேன். மட்டமாக வழித்தால் 4 கிராம், குவித்தால் 7. முக்கால் லிட்டர் பாட்டிலுக்கு மட்ட ஸ்பூன் மூன்று என்றால் 12 கிராம், நாலு பார். குவித்த ஸ்பூன் மூன்று என்றால் 21 கிராம், ஏழு பார். ஒரே 'மூன்று ஸ்பூன்'தான்!

அதுவும் முதல் நொதிப்பு முழுசாக முடிந்திருந்தால்தான் இந்தக் கணக்கு. குமிழி நின்றது முடிந்ததற்கு அடையாளம் இல்லை, குளிரில் ஈஸ்ட் அசந்து படுத்தாலும் நிற்கும். ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கிற மிதவைக் கருவி) போட்டால் 1.000-க்குக் கீழே இறங்கி, மூன்று நாள் அதே எண்ணில் நிற்க வேண்டும். போட்டாயா?

பெருந்துறைக்காரன்

இல்லைங்க்கா. அது ஆறு பவுண்டு சொன்னான், மிச்சம் பிடித்தேன்.

தாராபுரம் சோடாக்கடை

மிச்சம் பிடிக்க இடமா இல்லை? சாற்றில் பிடியுங்கள், மூடியில் பிடியுங்கள். இந்தக் குமிழி ஒயின் பிறந்ததே பாட்டில் பலத்தில்தான். இங்கிலாந்தில் நிலக்கரி உலையில் கண்ணாடி உருக்கியதால் அங்கே பாட்டில் கனமாக, உறுதியாக வந்தது. ஒயினில் சர்க்கரை போட்டு நுரைக்க வைக்கிற பழக்கத்தைப் பற்றி மெரெட் என்பவர் 1662-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதிக் கொடுத்துவிட்டார். பிரான்சில் பாதாளக் கிடங்குகளில் ஒன்று வெடித்தால் பக்கத்து பாட்டிலும் சேர்ந்து வெடிக்கும், ஆட்கள் முகத்தில் இரும்பு வலை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். 1830-களில் ஃபிரான்சுவா என்கிற மருந்துக்கடைக்காரர் சர்க்கரை அளவைக் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகுதான் உடைசல் குறைந்தது. டீச்சர் போட்ட கணக்குதான் அது.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் காசு இல்லையென்றால் இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அது சும்மா கிடைப்பதுதான், வெடித்தாலும் கண்ணாடிச் சில்லு பறக்காது. தினமும் அமுக்கிப் பார்க்கலாம், கல்லு மாதிரி ஆகிவிட்டால் மூடியை ஒரு திருகு தளர்த்தி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

நொய்யல்கரை

பிளாஸ்டிக் பாட்டிலில் ஷாம்பெயின்! ஒறம்பரை மெச்சிக்கொள்வார்கள்.

தாராபுரம் சோடாக்கடை

ஷாம்பெயின் என்று பேர் வைக்க பிரான்சில் அதே பேருள்ள மாகாணத்தில் செய்ததாக இருக்க வேண்டுமுங்க. இது லீட்ஸ் கலர்.

உடுமலை டீச்சர்

தம்பி, இப்போதே செய். அலமாரியைத் திறப்பதற்கு முன் கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கனத்த உறை. ஒவ்வொன்றையும் ஈரத் துண்டில் சுற்றி முதலில் குளிர்ந்த இடத்துக்குக் கொண்டு போ, குளிர்ந்தால் வாயு ஒயினுக்குள் அடங்கும். நாள் முழுக்க ஆறிய பிறகு, துண்டோடு தராசில் வை. துண்டின் எடையைக் கழித்து, உள்ளே இருக்கிற ஒயினுக்கு 750 கழி. மிச்சம் எண்ணூறுக்கு மேல் வந்தால் ஷாம்பெயினுக்கு வார்த்த பாட்டில். ஐந்நூறு வந்தால் சாதா பாட்டில், அதை வைத்திருக்காதே.

பெருந்துறைக்காரன்

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். முதலில் கோபமாகத்தான் இருந்தது, அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை. குழந்தை தவழுகிற வீடு.

எடை போட்டேன். நாலு பாட்டில் எண்ணூறு சொச்சம். இரண்டு மட்டும் 490, 510. அந்த இரண்டையும் இன்னொரு நாள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு தோட்டத்தில் போய்த் திறந்தேன். முதல் மூடி போன இடம் தெரியவில்லை, நுரை வேலிப் பலகை வரைக்கும் அடித்தது. வீட்டுக்காரி அரிசி களைகிற போசியோடு ஓடி வந்து பிடித்ததில் அரை பாட்டில் தேறியது. இரண்டாவதில் இன்னும் கொஞ்சம். மீதி நாலையும் அலமாரியிலிருந்து மாற்றிவிட்டேன். மேலே எழுதிய அந்தக் கடைசி வரியை எடுத்துக்கொள்கிறேன், அந்தியூர் அக்கா.

செலவுக் கணக்கும் மாறிவிட்டது. ஹைட்ரோமீட்டர் ஆறு பவுண்டு, தேறியது நாலு பாட்டில், ஆக மொத்தம் பதினேழு. அப்போதும் கடையை விடப் பாதிதான், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உடுமலை டீச்சர்

ருசி?

பெருந்துறைக்காரன்

துளி இனிப்பு இல்லைங்க்கா, நல்ல புளிப்பு. அடியில் வண்டல் கலங்கிவிட்டதால் ரொட்டி மாவு வாசம் வந்தது. வீட்டுக்காரி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "பழைய சோத்துத் தண்ணியில சோடா ஊத்துன மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டாள்.

பனங்காடு

கள்ளுன்னு சொல்ல வாய் வரலை பாருங்க.

தாராபுரம் சோடாக்கடை

மீதி நாலும் இப்போது எங்கே?

பெருந்துறைக்காரன்

மாடிப்படிக்குக் கீழே மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன் அண்ணா. மேலே சாக்கு போடலாம் என்று தேடினேன், இங்கே சாக்குக்கு எங்கே போவது? பத்து கிலோ பாஸ்மதி அரிசிப் பை இருந்தது, அதைத்தான் மடித்துப் போட்டிருக்கிறேன். நனைக்கவில்லை, வெளியே நாலு டிகிரி.